ஸ்கோரில் யார் மேலே, யார் கீழே? சிறு குழுவுக்கு எழுதத் தொடங்குபவர்களுக்கு

ஐயாவுடைய எண்பதாவது சாந்திக்குப் பேரன் பேத்திகள் எல்லாரும் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து இரண்டு பேர், சிங்கப்பூரிலிருந்து மூன்று பேர், மற்றவர்கள் காரைக்குடிதான். "ஆளுக்கொண்ணு கத்துக்கிட்டு இருக்கீகல்ல, வளவுல உக்காந்து சேர்ந்து ஒண்ணு வாசிங்களேன்" என்று அயித்தை சொல்ல (வளவு என்பது வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம்), எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு ஃப்ளூட், ஒரு கிளாரினெட், இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு கீபோர்டு, ஒரு மிருதங்கம். ஏழு பேர்.

ஸ்கோர் என்றால் ஏழு பேருடைய வரிகளும் ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரவேண்டும். எது மேலே, எது கீழே என்று நான் யோசிக்கவே இல்லை. பத்திரிகையில் பெயர் போடுகிற பழக்கத்தில் வயதுப்படி போட்டுவிட்டேன். கீபோர்டு வாசிக்கும் அண்ணன்தான் மூத்தவர், அவர் உச்சியில். அடுத்து மிருதங்கம், பிறகு செல்லோ, இப்படியே இறங்கி, பத்து வயதுப் பிள்ளை வாசிக்கும் முதல் வயலின் அடிவரியில். மெட்டு முழுக்க அந்த வயலினில்தான் இருக்கிறது. ஒத்திகையில் அண்ணன் தன் வரியையும் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தலையசைத்து எடுப்பும் காட்ட வேண்டும். மெட்டைத் தேடி அவர் கண் பக்கத்தின் அடிக்குப் போய்த் திரும்புவதற்குள் தன் இடம் தவறிப்போகும். அரை மணி நேரம் வாசித்தும் 12ஆவது பாரை, அதாவது 12ஆவது தாளக் கட்டத்தை, தாண்டவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சாமான் பரப்புவதைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உடனே புரியும். வெள்ளி ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், எவர்சில்வர், மங்கு, மரச்சாமான் எல்லாம் இனம் இனமாகப் பிரியும். ஒவ்வோர் இனத்துக்குள்ளும் பெரிதும் சிறிதுமாக வரிசை. எந்தச் சாமானை யார் வாங்கித் தந்தார்கள் என்று பார்த்து யாரும் பரப்புவதில்லை. வந்து பார்க்கிறவர் எதைக் கேட்டாலும் கை நேரே அங்கே போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஸ்கோரிலும் மேலே இருப்பவர் பெரியவர் இல்லை, கீழே இருப்பவர் சின்னவர் இல்லை.

முதல் வேலை: ஆள் கணக்கு

நோட்டு ஒன்றுகூட எழுதுவதற்கு முன்னால், யார் என்ன வாசிக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரே இரண்டு வாத்தியம் மாற்றி வாசிப்பார் என்றால் அதையும் குறியுங்கள். ஃப்ளூட்காரர் நடுவில் பிக்கலோ (சின்ன ஃப்ளூட்) எடுத்தால் அவருக்கு ஒரே வரி போதும். மாறும் இடத்தில் வரிக்கு மேலே எழுதினால் சரி. வரி ஆளுக்கு, வாத்தியத்துக்கு இல்லை.

கிளாரினெட், ஹார்ன், ட்ரம்பெட் இருந்தால் எந்தச் சுருதி வாத்தியம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கையில் இருக்கும் கிளாரினெட் பி ஃப்ளாட். அவருக்கு எழுதும் ஸ்வரம், கேட்கும் ஸ்வரத்தைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே இருக்கும். எஃப் ஹார்னுக்கு ஐந்தாம் ஸ்வர அளவு மேலே எழுத வேண்டும். இந்த மாற்றத்துக்கும் அடுக்கு வரிசைக்கும் சம்பந்தமில்லை. தாளில் நோட்டு உயரமாகத் தெரிகிறதே என்று கிளாரினெட்டை ஓபோவுக்கு மேலே ஏற்றிவிடாதீர்கள்.

இனம் பிரித்தல்

மேற்கத்திய ஸ்கோரில் இனங்கள் இவை: மரக்காற்று வாத்தியங்கள், பித்தளை வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், குரல், வில் போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியங்கள், பியானோ போன்ற கட்டை வாத்தியங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் மரக்காற்று உச்சியில், அதன் கீழே பித்தளை, பிறகு தாளம், அதன்பின் ஹார்ப்பும் பியானோவும், கடைசியில் வயலின் முதல் டபுள் பாஸ் வரை தந்திகள். சிறு குழுவுக்கும் எலும்புக்கூடு இதுதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் பியானோவின் இடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயரைப் பார்த்து இனம் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள். இன்றைய ஃப்ளூட் பெரும்பாலும் உலோகம்தான், ஆனாலும் மரக்காற்றில் சேர்த்தி. சாக்ஸஃபோன் உடம்பு முழுக்கப் பித்தளை; அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் அதற்குக் காப்புரிமை வாங்கியபோதும் பித்தளைதான். ஆனால் ஒலி எழுவது வாயிலுள்ள நாணல் பட்டையில், அதனால் அதுவும் மரக்காற்றுதான். எது அதிர்கிறது என்று பாருங்கள், எதனால் செய்தது என்று பார்க்காதீர்கள். நாகஸ்வரத்தை ஸ்கோரில் சேர்க்கப் போகிறீர்களா? சீவாளி இரட்டை நாணல், ஓபோவும் இரட்டை நாணல். ஆகவே நாகஸ்வரம் உட்காருவது ஓபோ பக்கத்தில். தவில் தாள இனத்துக்குப் போகும். (வளவுக்குள்ளே நாகஸ்வரத்தோடு செல்லோவைச் சேர்த்தால் செல்லோ யாருக்குக் கேட்கும் என்பது வேறு பிரச்சினை.)

இனத்துக்குள் வரிசை

உச்சஸ்தாயி மேலே, மந்திரஸ்தாயி கீழே. வயலின் 1, வயலின் 2, வியோலா, செல்லோ, டபுள் பாஸ். ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பாசூன். ஒரே வாத்தியத்தின் அண்ணன் தம்பிகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்: பிக்கலோ ஃப்ளூட்டை ஒட்டி மேலே, பாஸ் கிளாரினெட் கிளாரினெட்டை ஒட்டிக் கீழே.

இது வாத்தியத்தின் பொதுவான உயரத்தை வைத்துச் சொல்வது. நீங்கள் எழுதிய பகுதியில் செல்லோ உச்சத்தில் பாடி, வியோலா அடியில் உறுமலாம். அதற்காக வரிசையை மாற்றக்கூடாது. ஒரு படைப்பின் முதல் பக்கத்தில் என்ன வரிசையோ அதுவே கடைசிப் பக்கம் வரை. நடுவில் மாற்றினால் படிக்கிறவர் கண் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

இந்த விதிக்கு அடங்காத பிள்ளை ஒன்று உண்டு, ஹார்ன். ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரில் ட்ரம்பெட்டைவிடத் தாழ்ந்த வாத்தியமாக இருந்தும் ஹார்ன் ட்ரம்பெட்டுக்கு மேலே நிற்கும். 18ஆம் நூற்றாண்டுக் குழுக்களில் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் என்பது சகஜமான கூட்டு. மரக்காற்றோடு ஒட்டிப் பழகியதால் அதன் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டது. ஆனால் இரண்டு ட்ரம்பெட், ஹார்ன், ட்ரோம்போன், ட்யூபா என்ற பித்தளை ஐவர் குழுவில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே உயரப்படி ட்ரம்பெட்டுகள் மேலே, ஹார்ன் மூன்றாவது.

ஐந்து பேர் காற்று வாத்தியக் குழுவில் இன்னொரு வேடிக்கை. ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பாசூன் என்றுதான் பெரும்பாலும் அச்சாகிறது. ஹார்ன் பித்தளை, ஆனால் மரக்காற்றுக்காரர்களின் நடுவில் நுழைந்து பாசூனுக்கு மேலே உட்கார்ந்துவிட்டது. காரணம் எளிது: அந்தக் குழுவுக்கு அடித்தளம் பாசூன். அடிவரியைப் பார்த்தால் பாஸ் தெரிய வேண்டும் என்ற வசதிக்காக இன விதி கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. பாசூனை மேலே தள்ளி ஹார்னை அடியில் வைத்த ஸ்கோர்களும் பார்க்கக் கிடைக்கும். எனக்குக் கேட்டால் பாசூன் அடியில் இருப்பதுதான் கண்ணுக்குச் சுகம்.

பியானோ ஏன் அடியில்?

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பியானோ பெரிய வாத்தியம், நாள் முழுக்க வாசிக்கிறது, அதனால் மேலே இருக்கட்டும் என்று தோன்றும். படைப்பின் தலைப்பும் அப்படி நினைக்க வைக்கும். பீத்தோவன் 1795இல் ஓபஸ் 1 என்று எண் போட்டு வெளியிட்ட மூன்று ட்ரியோக்களும் பியானோ, வயலின், செல்லோ என்று பியானோவை முதலில் சொல்பவைதான். ஆனால் இன்றைய ஸ்கோரைத் திறந்தால் வயலின் மேலே, செல்லோ அதன் கீழே, பியானோ அடியில். தலைப்பில் எழுதும் வரிசை வேறு, தாளில் அடுக்கும் வரிசை வேறு. ஷூபர்ட் 1819இல் எழுதிய 'ட்ரௌட்' ஐவர் இசையிலும் நான்கு தந்தி வாத்தியங்களும் மேலே, பியானோ கீழே. மோட்ஸார்ட் 1784இல் எழுதிய, கே. 452 என்ற எண் கொண்ட ஐவர் இசையில் ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பாசூன், அவற்றுக்கெல்லாம் கீழே பியானோ.

இதில் நடைமுறை நன்மை உண்டு. பியானோவுக்கு இரண்டு வரி, வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. அந்த இரண்டும் பிரியாமல் அடியில் கனமாக நின்றால், மேலே இருக்கும் ஒற்றை வரிகள் தெளிவாகத் தெரியும். அதோடு, சிறு குழுவில் முழு ஸ்கோரையும் முன்னால் வைத்து வாசிப்பவர் பியானோக்காரர்தான். மற்றவர்கள் தங்கள் தனித் தாளைத்தான் வைத்திருப்பார்கள். அவர் தன் வரிகளைப் பக்கத்தின் அடியில் நிலையாக வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உயர்த்தி மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கலாம். அவருக்கென்று அச்சிடும் பிரதியில் மேலே இருக்கும் மற்ற வாத்தியங்களின் வரிகளைச் சிறிய அளவில் போடுவதும் இதனால்தான். தன் நோட்டு பெரிது, துணை பார்க்கும் நோட்டு சிறிது. அண்ணனுக்கு நான் இதைச் செய்துகொடுத்த பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

எல்லாக் காலத்திலும் இப்படியேதான் இருந்தது என்று நினைக்க வேண்டாம். மோட்ஸார்ட்டின் கையெழுத்துப் பிரதிகளில் வயலின்களும் வியோலாவும் உச்சியில், காற்று வாத்தியங்கள் நடுவில், பாஸ் அடியில் என்ற அடுக்கு அடிக்கடி வரும். நாம் இன்று பின்பற்றுவது பின்னால் நிலைத்த வழக்கம். பழைய பிரதி ஒன்று வேறு மாதிரி இருந்தால் திகைக்காதீர்கள், ஆனால் புதிதாக எழுதும்போது அதைப் பார்த்துக் காப்பியடிக்கவும் வேண்டாம்.

கலவைக் குழுக்கள்

தந்தி நால்வரோடு ஒரு காற்று வாத்தியம் சேர்ந்தால் காற்று மேலே. மோட்ஸார்ட் 1789இல் எழுதிய கிளாரினெட் ஐவர் இசை அதற்கு நல்ல மாதிரி: கிளாரினெட், பிறகு இரண்டு வயலின், வியோலா, செல்லோ. ஃப்ளூட்டும் கிட்டாரும் என்றால் ஃப்ளூட் மேலே. பாட்டும் பியானோவும் என்றால் பாட்டு மேலே. பாட்டோடு தந்திகளும் இருந்தால் ஆர்க்கெஸ்ட்ரா வழக்கப்படி தந்திகளுக்கு மேலே குரல் வரும். மூன்று நான்கு பேர் மட்டும் இருக்கும் குழுவில் குரலை உச்சியிலேயே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

தாள வாத்தியம் காற்றுக்கும் தந்திக்கும் நடுவில். ஆகவே எங்கள் ஏழு பேருக்கும் திருத்திய அடுக்கு இப்படி வந்தது: ஃப்ளூட், கிளாரினெட், மிருதங்கம், வயலின் 1, வயலின் 2, செல்லோ, கீபோர்டு. மிருதங்கம் நடுவில் நிற்பது முதலில் கண்ணை உறுத்தியது. நம் கச்சேரிப் பழக்கத்துக்குத் தாளம் ஓரத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றும். வாசித்துப் பார்த்தால் அந்த இடம் ஒரு தடுப்புச்சுவர் மாதிரி உதவுகிறது. மேலே காற்று, கீழே வில், நடுவில் ஸ்வரமில்லாத ஒரு வரி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இனம் பிரிவது உடனே தெரிகிறது.

மிருதங்கத்துக்கு ஐந்து கோடு போட்டு வீணாக்காதீர்கள். நான் இரண்டு கோடு போட்டேன்: வலந்தலை மேல் கோட்டில், தொப்பி கீழ்க் கோட்டில், சொற்கட்டு அடியில். இது மற்றவர்கள் தாளம் எங்கே கனக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக. மிருதங்கம் வாசித்த தம்பிக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவனுக்குத் தனித் தாளில் ஆவர்த்தனக் கணக்கும் சொற்கட்டும் மட்டும் தமிழில் எழுதிக் கொடுத்தேன்; இத்தனையாவது ஆவர்த்தனத்தில் நிறுத்து, இங்கே மோரா, அவ்வளவுதான்.

வீணை? காரைக்குடி வீணை பாணி பிறந்த ஊர்க்காரன் அதைச் சொல்லாமல் விட முடியாது. சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் வாசித்த வாத்தியத்துக்கு மேற்கத்திய ஸ்கோரில் ஒதுக்கிய இடம் எதுவும் இல்லை. ஆனால் தர்க்கம் இருக்கிறது: மீட்டி வாசிக்கும் வாத்தியம், ஆகவே ஹார்ப், கிட்டார் நிற்கும் இடத்தில் நிற்கும். தாளத்துக்குக் கீழே, வில் வாத்தியங்களுக்கு மேலே. தந்தி வாத்தியம்தானே என்று வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில் செருகினால் வில் இனம் உடைந்துபோகும். அதைச் செய்யாதீர்கள்.

கட்டுவது: பிராக்கெட்டும் பார் கோடும்

வரிசை சரியானதும் இடது ஓரத்தில் இனம் இனமாகக் கட்ட வேண்டும். ஓர் இனத்துக்கு ஒரு நேர்ப் பிராக்கெட். கீபோர்டின் இரண்டு வரிக்கும் வளைந்த பிரேஸ். நேர்ப் பிராக்கெட்டை அங்கே போடக்கூடாது. பார் கோடுகள் இனத்துக்குள் மேலிருந்து கீழ் வரை இடைவிடாமல் ஓட வேண்டும், இனம் முடியும் இடத்தில் விட்டுப்போக வேண்டும். இந்த இடைவெளிதான் வேகமாகப் பார்க்கும் கண்ணுக்கு வழிகாட்டி. நம் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நிலைவாசல் தாண்டும்போது எந்தக் கட்டில் இருக்கிறோம் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறதல்லவா, அது மாதிரி.

குரலுக்கு மட்டும் பார் கோட்டை வேறு வரியோடு சேர்க்காதீர்கள். வரிக்குக் கீழே சாகித்யம் ஓடும்; கோடு நடுவில் புகுந்தால் எழுத்தை வெட்டும். தமிழில் பு, சு போன்ற எழுத்துகளின் கால் கீழே இறங்குவதால் இன்னும் மோசமாகத் தெரியும்.

முதல் பக்கத்தில் வாத்தியப் பெயரை முழுதாக எழுதுங்கள், அடுத்த வரிக்கட்டிலிருந்து (எல்லாருடைய வரிகளும் சேர்ந்த ஓர் அடுக்குதான் வரிக்கட்டு) சுருக்கமாக. 'வய.1', 'வய.2', 'செல்.' போதும். கிளாரினெட் போன்றவற்றுக்குச் சுருதியையும் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரிக்கட்டுகள் வந்தால், அவற்றுக்கு நடுவே இடது ஓரத்தில் இரண்டு சாய்கோடு போடுவது வழக்கம். இல்லாவிட்டால் வயலின் வரி முடிந்து அடுத்த ஃப்ளூட் வரிக்குக் கண் தாவிவிடும்.

சும்மா இருக்கும் வாத்தியத்தின் வரியை மறைக்கலாமா? பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் இடம் மிச்சப்படுத்த மறைப்பார்கள். ஏழு பேருக்குள் என்றால் மறைக்காதீர்கள் என்பது என் கருத்து. பக்கத்துக்குப் பக்கம் ஆறு வரி, ஐந்து வரி, ஏழு வரி என்று மாறினால் நாம் கஷ்டப்பட்டு அடுக்கியதற்கே பொருள் இல்லை.

மென்பொருளில்

மியூஸ்ஸ்கோர் இலவசம், தொடங்குபவர்களுக்கு அதுவே போதும். புது ஸ்கோர் திறக்கும்போது வாத்தியங்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே வரிசையையும் கேட்கும். ஆர்க்கெஸ்ட்ரா வரிசை என்று விட்டால் பெரும்பாலானதைத் தானே அடுக்கிவிடும், கீபோர்டு மட்டும் தந்திகளுக்கு மேலே போய் நிற்கும்; அதை நீங்கள்தான் அடிக்கு இழுத்து வர வேண்டும். வீணையும் மிருதங்கமும் எங்கே விழுந்திருக்கின்றன என்றும் ஒருமுறை பாருங்கள்.

எழுதி முடித்த பிறகு வரிசை தப்பு என்று தெரிந்தால், பக்கத்திலுள்ள வாத்தியப் பட்டியலில் பெயரைப் பிடித்து மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். நோட்டுகளை வெட்டி ஒட்ட வேண்டாம். முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன்; செல்லோவின் க்ளெஃப் (வரித் தொடக்கத்தில் ஸ்வர உயரத்தைக் காட்டும் குறி) வயலின் வரிக்கும், வயலினின் வில் குறிகள் ஃப்ளூட்டுக்கும் போய்விட்டன. ஃப்ளூட் வாசித்த பிள்ளை, "இதுல வில்லு எங்க வச்சு இழுக்கணும், சித்தப்பா?" என்று கேட்டாள்.

நகர்த்திய பிறகு பிராக்கெட்டையும் பார் கோட்டையும் மறுபடி சரிபாருங்கள். வாத்தியம் இடம் மாறும்போது பழைய பிராக்கெட் தப்பான ஆட்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும்.

இன்னொன்று: குழு உட்காரும் வரிசையைப் பார்த்து ஸ்கோரை மாற்றாதீர்கள். தந்தி நால்வரில் சிலர் செல்லோவை ஓரத்தில் உட்காரவைப்பார்கள், சிலர் வியோலாவை. ஸ்கோரில் எப்போதும் வியோலா மூன்றாவது, செல்லோ நான்காவது.

அச்சிட்டதும் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்கோரைப் பார்க்காத ஒருவரிடம் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்து, 40ஆவது பாரில் இரண்டாம் வயலின் என்ன செய்கிறது என்று கேளுங்கள். விரல் நேராகப் போனால் சரி. மேலும் கீழும் அலைந்தால் பிராக்கெட்டையும் பெயரையும் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். தனித் தாள்களில் ஐந்து கோடும் சேர்ந்து சுமார் 7 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். ஸ்டாண்டில் வைத்துத் தள்ளி உட்கார்ந்து படிப்பதற்கு அதுதான் வசதி. அண்ணனுக்குக் கொடுக்கும் முழு ஸ்கோரை மட்டும் ஒட்டி விரியும்படி பைண்டு செய்யுங்கள். அவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும், பக்கம் திருப்ப ஓர் ஆளை நிறுத்துங்கள்.

வளவில் வாசிப்பதாக இருந்தால் நான்கு துணிக் கிளிப்புகளும் எடுத்து வையுங்கள். மேலே திறந்த வானம், சாந்தியன்று மூன்று மணிக்கு மேல் நல்ல காற்று. ஃப்ளூட்டின் தாள் பறந்து ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கிக்கொண்டு போனதை ஐயாதான் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார்.